ஷிஃப்ட் இன்சார்ஜ் பொறுப்பு வருகிறது: முதல் நாளுக்கு முன்னால் எதையெல்லாம் எழுத்தில் வாங்கணும்?

கங்கை_லைன்3 (கேள்வி)

நெல்லைப் பக்கம் கங்கைகொண்டான் சிப்காட்டில் ஒரு ஆலை, பேக்கிங் பிரிவு. வர்ற 1-ம் தேதி முதல் ஷிஃப்ட் இன்சார்ஜ். இதுவரை லைன் லீடர். ஷிஃப்டுக்கு 42 பேர், அதில் பெண்கள் 16. மெஷின் ஓட்டுகிறவர்களில் ஒன்பது பேர் ஐம்பது தாண்டிய அண்ணாச்சிமார். இந்தப் பொறுப்புக்கு இங்கே பெண் வருவது முதல் தடவை. ஏ ஷிஃப்ட் காலை 6 முதல் 2, பி ஷிஃப்ட் 2 முதல் 10, சி ஷிஃப்ட் இரவு 10 முதல் 6.

கடிதத்தில் இருப்பது ஒரே வரி: "தங்கள் பதவிப்பெயர் மாற்றப்படுகிறது." கிரேடு, சம்பளம், அதிகாரம் பற்றி ஒன்றும் இல்லை. கேட்டால் "போகப் போகப் பார்த்துக்கலாம்" என்கிறார்கள்.

தெரிய வேண்டியவை இவை. மெஷின் நின்றால் ஆபரேட்டர்கள் லீடரைத் தாண்டி நேரே மேனேஜருக்குத்தான் போன் போடுகிறார்கள், அதை எப்படி நிறுத்துவது? "லேடீஸ்தானே, சி ஷிஃப்ட் வேண்டாம்" என்று சொல்வதை ஒத்துக்கொள்ளலாமா? கேட்காமலே பாலியல் தொல்லைப் புகார்க் குழுவிலும் என் பெயரைப் போட்டுவிட்டார்கள். ஆயுத பூஜைக் கோலம், மீட்டிங் குறிப்பு எல்லாம் ஏற்கெனவே என் தலையில்தான். கடைசியாக, அண்ணாச்சிமாரை எப்படிக் கூப்பிடுவது, அவர்கள் "ஏ பிள்ள" என்றால் என்ன செய்வது?

வண்ணாரப்பேட்டை_ஹெச்ஆர்

கடிதத்திலிருந்தே தொடங்குங்கள். மற்றதெல்லாம் அதற்கு அப்புறம். பதவிப்பெயர் வேறு, பொறுப்பு வேறு, அதிகாரம் வேறு. உங்களுக்கு முதலாவது மட்டும் வந்திருக்கிறது. இரண்டாவது தானாக வந்து சேரும். மூன்றாவது கேட்டால்தான் வரும், 1-ம் தேதிக்கு முன்னால் கேட்டால்தான் சுலபமாக வரும்.

மேனேஜருக்கு ஒரு மெயில், ஹெச்ஆருக்கு நகல். கோபம் இல்லாமல், "தெளிவுக்காக" என்று ஆரம்பித்து இவற்றைக் கேளுங்கள்:

எத்தனை நாள் வரை லீவை நீங்களே அனுமதிக்கலாம். ஓவர்டைமுக்கு உங்கள் கையெழுத்து போதுமா, மேலே போகணுமா. தரம் சரியில்லை என்றால் லைனை நிறுத்த உங்களுக்கு அதிகாரம் உண்டா, நிறுத்தினால் எத்தனை நிமிஷத்துக்குள் யாருக்குச் சொல்லணும். ஸ்டோர்ஸ் இன்டென்ட்டில் (பொருள் கேட்டு எழுதும் சீட்டு) எவ்வளவு தொகை வரை கையெழுத்துப் போடலாம். ஒழுங்கு நடவடிக்கைக்கு நீங்கள் எழுதும் அறிக்கை யாருக்குப் போகும். நீங்கள் யாருக்குக் கீழ், ஒருவருக்கா இருவருக்கா. கிரேடு எந்தத் தேதியிலிருந்து மாறும், சோதனைக் காலம் எத்தனை மாதம்.

பதில் வராவிட்டால் மூன்றாம் நாள் இன்னொரு மெயில்: "கீழ்க்கண்டபடி புரிந்துகொண்டிருக்கிறேன், மாற்றம் இருந்தால் தெரிவிக்கவும்." இந்த இரண்டாவது மெயில்தான் பின்னால் கைகொடுக்கும்.

அடுத்தது மாதிரிக் கையெழுத்து. ஸ்டோர்ஸ், கேட் செக்யூரிட்டி, கேன்டீன், மெயின்டெனன்ஸ் நான்கு இடத்துக்கும் உங்கள் கையெழுத்தோடு ஒரு சுற்றறிக்கை போகணும். இதை மறந்துவிடுகிறார்கள். முதல் வாரமே ராத்திரி 11 மணிக்கு ஸ்டோர்ஸில் "உங்க கையெழுத்து எங்ககிட்ட இல்லையே மேடம்" என்று நிற்க வைப்பார்கள். லைன் மொத்தமும் வேடிக்கை பார்க்கும்.

சம்பளம் கூடினால் கவனிக்க ஒன்று: இஎஸ்ஐ (தொழிலாளர் காப்பீடு) சம்பள வரம்பு மாதம் 21,000 ரூபாய். நடுவில் தாண்டினாலும் அந்தப் பங்களிப்புக் காலம் (ஏப்ரல்–செப்டம்பர், அக்டோபர்–மார்ச்) முடிகிற வரை பிடித்தம் தொடரும், அப்புறம் நின்றுவிடும். உங்கள் கார்டில் அப்பா அம்மா வைத்தியம் பார்க்கிறார்கள் என்றால், கம்பெனி மெடிக்ளெய்மில் பெற்றோர் சேர்வார்களா என்று கையெழுத்துக்கு முன்னாலேயே கேளுங்கள். இஎஸ்ஐ போனாலும் பேறுகால விடுப்பு போகாது. முதல் இரண்டு குழந்தைகளுக்கு 26 வாரம், சம்பளத்தைக் கம்பெனி கொடுக்கணும். விடுப்பில் இருக்கும்போது பணி நிலைமையைப் பாதகமாக மாற்றக் கூடாது என்றும் சட்டம் சொல்கிறது. திரும்பி வருகிறவரை "கொஞ்ச நாள் ஆபீஸ்ல உக்காருங்க" என்று ஓரங்கட்டுவது அடிக்கடி நடப்பதுதான். கடிதத்தில் கிரேடு எழுதியிருந்தால் அதை எதிர்ப்பது சுலபம்.

கோலம், காபி, மீட்டிங் குறிப்பு: "மாட்டேன்" என்று சொல்லாமல் சுற்று முறை போடச் சொல்லுங்கள். மூன்று ஷிஃப்ட் இன்சார்ஜும் மாதம் ஒருவராகக் குறிப்பு எழுதட்டும். உங்கள் முறை வரும்போது மட்டும் "யார், எந்தத் தேதிக்குள்" என்ற கட்டத்தை விடாமல் நிரப்புங்கள், குறிப்பு எழுதுகிறவர் கையில் இருக்கும் ஒரே பலம் அதுதான். ஆனால் வருஷம் முழுக்க ஒருவரே எழுதினால் அவருக்கு வாய் திறக்க நேரம் இருக்காது.

பேட்டை_போர்மன்

மேல உள்ளவர் பேப்பரைச் சொல்லிட்டாரு. நான் தளத்தைச் சொல்லுதேன்.

6 மணி ஷிஃப்டுன்னா 5.40-க்கு உள்ள இருக்கணும். லைனைத் தொடக்கத்துல இருந்து பாக்காதீங்க, கடைசியில இருந்து, டிஸ்பேட்ச் பக்கத்துல இருந்து பின்னோக்கி நடங்க. என்னத்துக்குன்னா தப்பு எல்லாம் கடைசியிலதான் குமிஞ்சு கிடக்கும். சீல் சரியில்லாத பெட்டி, ஒட்டாத லேபிள், தரம் சந்தேகம்னு ஹோல்டு டேக் போட்டு நிறுத்தி வச்ச பேலட் (சரக்கு அடுக்குன பலகை) எல்லாம் அங்கனதான். அதைப் பாத்துட்டு மேல போனா எந்த மெஷின் நோவுதுன்னு அதுவே சொல்லும்.

நடக்கும்போது பாக்க வேண்டியது: மணிக்கணக்குப் போர்டுல கடைசி ரெண்டு மணி நேரத்து எண்ணிக்கை, மூடாத பிரேக்டவுன் டேக், ஹோல்டு பேலட் எத்தனை, எந்த மெஷின்ல டபுள் ஷிஃப்ட் ஆள் நிக்கான். அப்புறம் எடை. ஒவ்வொரு லைன்லயும் அஞ்சு பாக்கெட் எடுத்துத் தராசுல வைங்க. அஞ்சும் ஒரே பக்கம் சாஞ்சிருந்தா செட்டிங் நகந்துருக்குன்னு அர்த்தம். ஒண்ணு கூட ஒண்ணு குறைச்சன்னா தட்டுல, ஃபீடர்ல ஏதோ ஒட்டியிருக்கும்.

ஹேண்ட்ஓவர் ரிஜிஸ்டர்ல ஹோல்டு சரக்கை நீங்களே எண்ணாம கையெழுத்துப் போடாதீங்க. முந்தின ஷிஃப்ட்காரர் "எல்லாம் ஓகேம்மா"ன்னுட்டு பையைத் தூக்குவாரு. கையெழுத்துப் போட்ட நிமிஷத்துல இருந்து அந்தக் கணக்கு உங்க கணக்கு. எண்ணிக்கை ஒத்து வரலைன்னா சண்டை வேண்டாம். ரெண்டு எண்ணையும் எழுதி, "அவர் சொன்னது 14, எண்ணியது 11"ன்னு போட்டு ரெண்டு பேரும் கையெழுத்துப் போடுங்க. ரெண்டு தடவை இப்படி எழுதினா மூணாந்தடவை அவரே எண்ணி வச்சிருப்பாரு.

அப்புறம் அஞ்சு நிமிஷ நின்ன கூட்டம். இன்னைக்கு எண்ணிக்கை, நேத்து எதுல நட்டம், எந்த இடத்துல கவனம், யாரு எங்க. அவ்வளவுதான், பேச்சு வேண்டாம். புதுசா வந்தவங்க பண்ணுற தப்பு, முதல் நாள் பெரிய உரை ஆத்துறது.

தலைக்கு மேல போன் போடுறதைப் பத்தி. அதை ஆபரேட்டர்கிட்ட பேசி நிறுத்த முடியாது. மெயின்டெனன்ஸ்லயும் மேனேஜர்கிட்டயும்தான் நிறுத்தணும். பிரேக்டவுன் சிலிப்புல இன்சார்ஜ் கையெழுத்து இல்லாம ஃபிட்டர் ஸ்பேனரை எடுக்கக் கூடாது. இதை மெயின்டெனன்ஸ் தலைவர் ஒத்துக்கிடணும். மேனேஜர் ஒரே ஒரு வாக்கியம் பழகணும்: "இன்சார்ஜ்கிட்ட சொல்லியாச்சா?" அதைக் கேட்காம அவர் போன்ல நேரா தீர்ப்புச் சொல்லுத வரைக்கும் நீங்க தலைகீழா நின்னாலும் நடக்காது. 1-ம் தேதிக்கு முன்னாடி அவர்கிட்ட தனியா இதை மட்டும் கேளுங்க.

தாழையூத்து_மெயின்டெனன்ஸ்

சிலிப் இல்லாமல் ஃபிட்டர் தொடக்கூடாது என்பதில் எனக்கு உடன்பாடில்லை. ஷ்ரிங்க் டனல் (பெட்டி மேல் பிளாஸ்டிக் உறையைச் சூட்டில் இறுக்கும் மெஷின்) நின்றால் உள்ளே இருக்கிற பெட்டி ரெண்டே நிமிஷத்தில் கருகும். அந்த நேரத்தில் கையெழுத்துக்கு ஆள் தேடிக்கொண்டிருக்க முடியாது. முதலில் குரல், அப்புறம் காகிதம். ஆபரேட்டர் வாக்கியில் (வாக்கி-டாக்கி) மெயின்டெனன்ஸையும் இன்சார்ஜையும் ஒரே சேனலில் கூப்பிடட்டும். ஃபிட்டர் ஓடட்டும். சிலிப் 15 நிமிஷத்துக்குள் வரணும், நின்ற நேரம், ஓடிய நேரம் இரண்டும் அதில் வேண்டும். சிலிப் வராமல் வேலையை மூடக்கூடாது. மூடும் கையெழுத்துதான் இன்சார்ஜுடையது. லைன் நிற்கும்போது அதிகாரம் பார்க்கிறார் என்ற பேச்சு ஒரு தடவை கிளம்பினால், அது வேறு ஷிஃப்டுக்கும் பரவிவிடும்.

இன்னொன்று. மெஷின் தெரியாத இன்சார்ஜிடம் ஆபரேட்டர் பொய் சொல்வார், ஆணானாலும் பெண்ணானாலும். எல்லா மெஷினையும் ஓட்டத் தெரிய வேண்டாம். மூன்று மட்டும் மனப்பாடம்: ஒவ்வொரு லைனிலும் சைஸ் மாற்ற ஆகும் நேரம், அடிக்கடி வரும் ஐந்து பிரேக்டவுனும் அவற்றுக்கு வழக்கமாக ஆகும் நேரமும், ஸ்டோர்ஸில் எப்போதும் தீர்ந்துபோகும் உதிரி. எங்கும் தீர்வது பாக்கெட் வாயை ஒட்டும் சீலிங் ஜா ஹீட்டரும் டெஃப்லான் டேப்பும்தான். "சென்சார் போச்சு, முக்கால் மணி ஆகும்" என்றால் "போன தடவை 20 நிமிஷம்தானே ஆச்சு அண்ணாச்சி" என்று சொல்லத் தெரிந்தால் போதும்.

ஒரு எச்சரிக்கை: ஓடுகிற மெஷினில் துடைப்பதோ எண்ணெய் விடுவதோ யாரும் செய்யக் கூடாது. பெண்களுக்கு இதை 1948 தொழிற்சாலைச் சட்டமே தனியாகத் தடுத்திருந்தது. "மேடம், ஒரு செகண்ட்" என்று அழைத்துச் சோதிப்பார்கள். நிறுத்தி, லாக் போட்டு, அப்புறம்தான் கை.

முக்கூடல்காரி

ராத்திரி ஷிஃப்ட் பற்றி நான் சொல்கிறேன். மறுக்காதீர்கள். சி ஷிஃப்ட் எடுக்காத இன்சார்ஜ் என்று ஒரு தடவை பெயர் வந்தால், அடுத்த பதவி உயர்வில் "மூணு ஷிஃப்டும் பார்த்த அனுபவம் இல்லை" என்று அதையே காரணமாக எழுதுவார்கள். சம்மதம் கொடுங்கள், ஆனால் நிபந்தனையோடு எழுதிக் கொடுங்கள்.

1948 தொழிற்சாலைச் சட்டத்தின் 66-ம் பிரிவு பெண்களுக்கு இரவு வேலையைத் தடுத்தது. 2000-ல் சென்னை உயர் நீதிமன்றம் அந்தத் தடையை ரத்து செய்து, பாதுகாப்பு நிபந்தனைகளை விதித்தது. பகல் ஷிஃப்டிலிருந்து இரவுக்கோ இரவிலிருந்து பகலுக்கோ மாறும்போது தொடர்ந்து 12 மணி நேர ஓய்வு அதில் ஒன்று. பெண்கள் வேலை செய்யும் இரவு ஷிஃப்டில் மேற்பார்வையாளர்களில் மூன்றில் ஒரு பங்காவது பெண்களாக இருக்கணும் என்பது இன்னொன்று. இதைக் கவனியுங்கள்: உங்கள் ஷிஃப்டின் 16 பெண்களும் சி-யில் வருகிறார்கள் என்றால், பெண் இன்சார்ஜ் அங்கே இருப்பது சலுகை அல்ல, தேவை. 2020-ன் தொழிலாளர் சட்டத் தொகுப்பும் சம்மதத்தோடு, பாதுகாப்போடு என்றுதான் சொல்கிறது.

சுழற்சியைக் காகிதத்தில் போட்டுப் பாருங்கள். ஏ, பி, சி என்று முன்னோக்கிப் போனால் இடைவெளி வரும். சி சனி இரவு தொடங்கி ஞாயிறு காலை 6-க்கு முடிந்து, ஏ திங்கள் காலை 6-க்குத் தொடங்கினால் 24 மணி நேரம் கிடைக்கும். பி முடித்து மறுநாள் ஏ என்றால் எட்டு மணி நேரம்தான். ஞாயிறு விடுமுறையை ஓவர்டைமுக்கு எடுத்தாலும் கணக்கு உடையும். அங்கேதான் தப்பு நடக்கும்.

உண்மையான சிக்கல் சி ஷிஃப்டில் இல்லை, பி ஷிஃப்டில். சி காலை 6-க்கு முடியும், மதுரை ரோட்டில் பஸ் ஓடிக்கொண்டிருக்கும். பி முடிவது இரவு 10. தொழிலாளர் பஸ் 10.10-க்குக் கிளம்பிவிடும், இன்சார்ஜுக்கு ஹேண்ட்ஓவர் முடிய 10.25. அப்புறம் கேட்டில் தனியாக நிற்கணும். ஆகவே கேட்க வேண்டியது இவை: பஸ் 10.30-க்குப் புறப்படணும், அல்லது இன்சார்ஜுக்குத் தனி வண்டி. மெயின் ரோட்டு நிறுத்தத்தில் அல்ல, வீட்டு வாசலில் இறக்கணும். தச்சநல்லூரில் இறங்குகிறவருக்குப் பிரச்சினை இல்லை, மானூர்ப் பக்கம் உள்ளூர் ரோட்டில் இரண்டு கிலோமீட்டர் நடக்கிறவருக்குத்தான் பிரச்சினை. கடைசியாக இறங்குகிற பெண் வண்டியில் தனியாக இருக்கக் கூடாது, ஒரு செக்யூரிட்டி கூடப் போகணும். வண்டி எண், டிரைவர் பெயர் கேட் ரிஜிஸ்டரில் ஏறணும். கடைசி ஆள் வீடு சேர்ந்த தகவல் வந்த பிறகுதான் அந்த வரியில் டிக். 181, 112 இரண்டு எண்களையும் வண்டிக்குள் ஒட்டச் சொல்லுங்கள்.

கழிப்பறையையும் விட்டுவிடாதீர்கள். ராத்திரியில் தண்ணீர் குடிக்காமல் இருந்து நீர்க்கடுப்பு வாங்கிக்கொள்கிற பிள்ளைகள் எந்த ஆலையிலும் உண்டு. காரணம் வெட்கம் இல்லை, மாற்று ஆள் இல்லாததுதான். 14 மெஷினுக்கு ஒரு ரிலீவர் போட்டு, ஆளுக்குப் பத்து நிமிஷம், ஷிஃப்டில் இரண்டு முறை என்று வைத்தால் 280 நிமிஷம் போகும். எட்டு மணி நேரம் 480 நிமிஷம், ஆக ஒரே ஆள் போதும். ஆண்களுக்கும் சேர்த்துப் போடுங்கள், "லேடீஸ் சலுகை" என்ற பேச்சே வராது. உங்களை யார் மாற்றுவார் என்பதையும் பெயரோடு எழுதி வையுங்கள்.

இப்போது புகார்க் குழு. பணியிடப் பாலியல் துன்புறுத்தலைத் தடுக்கும் 2013 சட்டப்படி பத்துப் பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில் உள்ளகக் குழு வேண்டும். தலைவர் மூத்த நிலையில் உள்ள பெண், உறுப்பினரில் பாதியாவது பெண்கள், வெளியிலிருந்து ஒருவர், பதவிக்காலம் அதிகபட்சம் மூன்று ஆண்டு. உங்கள் பெயர் இருப்பதில் தவறில்லை. நியமனக் கடிதம் வாங்குங்கள், பயிற்சி கேளுங்கள். உங்கள் ஷிஃப்டிலிருந்தே புகார் வந்தால் அந்த விசாரணையிலிருந்து விலகுவதாக எழுதிக் கொடுத்துவிடுங்கள்.

இன்சார்ஜாக நீங்கள் கவனிக்க வேண்டியது அதைவிட முக்கியம். ஒரு பிள்ளை லைனில் வந்து "அவன் இப்படிப் பேசுதான் அக்கா" என்றால் அந்த ஆளைக் கூப்பிட்டு விசாரிக்காதீர்கள். சமாதானமும் பேசாதீர்கள். நல்லெண்ணத்தோடு பேசி வைத்தாலும், பின்னால் "இன்சார்ஜ் அன்னைக்கே முடிச்சு வச்சாச்சு" என்று அதையே சாட்சியாகக் காட்டுவார்கள். எழுத உதவுங்கள். சம்பவம் நடந்து மூன்று மாதத்துக்குள் புகார், ஆறு நகல், சாட்சிகள் பெயர். குழு ஏழு வேலை நாளுக்குள் ஒரு நகலை எதிர்த்தரப்புக்கு அனுப்பணும், அவர் பத்து வேலை நாளுக்குள் பதில் தரணும், விசாரணை 90 நாளில் முடியணும். இடையில் யாரை மாற்றுவது என்பதைப் புகார் கொடுத்தவர் எழுத்தில் கேட்டால் குழு பரிந்துரைக்கும், நீங்களாக ஷிஃப்ட் மாற்றிப் போடாதீர்கள். பெரும்பாலும் மாற்றப்படுவது அந்தப் பிள்ளைதான், அதைப் பார்த்த மற்றவர்கள் அப்புறம் வாயே திறக்க மாட்டார்கள்.

கங்கை_லைன்3

எல்லாருக்கும் நன்றி. மெயில் இன்றைக்கே போகும். இரண்டு விட்டுப்போயிற்று: எப்படிக் கூப்பிடுவது, அப்புறம் லீவு. "நீயும் பொம்பளதான, உனக்குத் தெரியாதா" என்று பெண்கள் கேட்கிறார்கள். கோயில் கொடை (ஊர் அம்மன் திருவிழா) வந்தால் பாதி லைன் காலி.

பேட்டை_போர்மன்

கூப்பிடுறதுல குழப்பமே வேண்டாம். நம்ம ஊர்ல "அண்ணாச்சி"ங்கிறது மரியாதையும் ஆச்சு, தூரமும் ஆச்சு. அதையே வச்சுக்கிடுங்க. பெயரைச் சொல்லி அண்ணாச்சி. "சார்" போட்டா அவரை மேல ஏத்துன மாதிரி ஆயிரும். வேலை சொல்லும்போது "செய்யுதியளா?"ன்னு கேள்வியாக் கேக்காதீங்க, "மூணாம் லைனைப் பாருங்க அண்ணாச்சி"ன்னு முடிச்சிருங்க. இருபது வயசு டிரெய்னி பையனுக்கும் வாங்க போங்கதான். அவனை "ஏல"ன்னா, பெரியவங்க உங்களை "ஏ பிள்ள"ங்கிறதுக்கு அதுவே வழி.

"ஏ பிள்ள"ன்னா லைன் முன்னால திருத்தாதீங்க. டீ நேரத்துல தனியா, "அண்ணாச்சி, வாக்கியில கேட்டும் ஸ்டோர்ஸும் கேக்காங்க, இன்சார்ஜ்னே சொல்லுங்க". வாக்கியைக் காரணமாச் சொன்னா அவருக்கும் முகம் போகாது.

லீவு. 42 பேர்ல லைன் ஓட எத்தனை பேர் கட்டாயம்னு முதல்ல கண்டுபிடிங்க. 36-ன்னு வைங்க. மிச்சம் ஆறு. அதுல ரெண்டைக் காய்ச்சல், சாவுன்னு அவசரத்துக்கு ஒதுக்குங்க. நாலுதான் முன்கூட்டிக் கொடுக்கிற லீவு. அதுக்கு மேல கேட்டா உங்க வாய் சொல்ல வேண்டாம், போர்டு சொல்லட்டும். மாதக் காலண்டரை நோட்டீஸ் போர்டுல தொங்க விட்டு நாளுக்கு நாலு கட்டம் போட்டு வைங்க, முதல்ல எழுதினவருக்கு முதல்ல.

கொடைக்கு மட்டும் வேற வழி. இங்க கொடை அனேகமா செவ்வாய், புதன்ல வரும். ஊர் ஊரா வேற தேதிங்கிறதால ரெண்டு மாசம் முன்னாடியே எல்லார்கிட்டயும் எந்த அம்மன், எந்தத் தேதின்னு ஒரு நோட்டுல வாங்கிருங்க. ஒரே ஊர்க்காரங்க ஒரே மெஷின்ல நிக்காம ஆளைக் கலைச்சுப் போடுறதுக்கும் அந்த நோட்டுதான். பங்குனி உத்திரம்தான் தலைவலி. அன்னைக்கு எல்லாருக்கும் சாஸ்தா கோயில், எல்லாரும் ஒரே நாள். அதுக்குப் போர்டுல உள்ள கட்டம் பத்தாது. ஒரு மாசம் முன்னாடியே பிளானிங்ல பேசி அந்த ஷிஃப்டை மெயின்டெனன்ஸ் ஷட்டவுனா மாத்தி, அடுத்த ஞாயித்துக்கிழமை ஈடுகட்டி ஓட்டுங்க. அந்த வாரம் ஞாயித்துக்கிழமை ஓய்வு போயிரும், மேல சொன்ன 12 மணி நேரக் கணக்கைச் சரிபாத்துக்கிடுங்க.

பொம்பளைங்க கேக்கிறதுக்கும் அதே போர்டுதான். தனியா ஒருத்தருக்கு இளகினா அடுத்த நாளே ஆம்பளைங்க பக்கம் அது கதையா ஓடும்.

வண்ணாரப்பேட்டை_ஹெச்ஆர்

மெயிலில் ஒன்று சேர்த்துக்கொள்ளுங்கள்: நீங்கள் லீவில் போனால் அந்த ஷிஃப்டுக்கு யார் பொறுப்பு, அவருக்கு அதே அதிகாரங்கள் உண்டா. இதை விட்டுவிட்டால், நீங்கள் திரும்பி வரும் நாளில் உங்கள் சிலிப் புத்தகம் வேறொருவர் மேஜையில் இருக்கும்.